இலவச இணையமா, முதலாளியின் சுங்கச் சாவடியா?

ஏழை நாட்டுச் சிறு வியாபாரி இணையத்தால் பிழைப்பான் என்கிறார்கள். பிழைக்கட்டும், தோழர்களே! கருவியோடு நமக்குப் பகையில்லை. சாவி யார் கையில்?

2015 பிப்ரவரியில் பேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு கூட்டுச் சேர்ந்து, தமிழ்நாடு உள்படச் சில மாநிலங்களில் 'இலவச' இணையம் அளந்தது. எதெல்லாம் இலவசம் என்ற பட்டியலுக்கு நிபந்தனை விதித்தது பேஸ்புக்கே! பட்டியலில் ஏறிய கடையைப் பார்க்கக் காசில்லை. ஏறாத நெசவாளர் கூட்டுறவுக் கடையைப் பார்க்கக் காசு. வாங்க வருபவன் எங்கே போவான்? சந்தைப் பாதையில் மிராசுதார் சாவடி போட்டு, தன் ஆட்களின் வண்டியை மட்டும் சும்மா விடுகிற கதைதான்.

மக்கள் எதிர்த்தனர். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொட்டியும் பலிக்கவில்லை. 2016 பிப்ரவரி 8-ல் டிராய் தடை விதித்தது. உடனே பேஸ்புக் இயக்குநர் குழுவிலிருந்த கோடீஸ்வரர் ஆண்ட்ரீசன், காலனி எதிர்ப்புதான் இந்தியாவைக் கெடுத்தது என்று எழுதினார்! நெஞ்சில் கிடந்தது வாயில் வந்துவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே சரக்கை ஆப்பிரிக்க நாடுகளில் கம்பெனி தொடர்ந்து இறக்கியது.