உலை ஓய்ந்த நிலம்

கல்பாக்கத்தின் முதல் அணு உலை 1984 ஜனவரியில் வர்த்தக ரீதியில் மின்சாரம் தரத் தொடங்கி, 2018 ஜனவரியில் நின்றது. பின்னர் பல வருஷங்கள் ஓடவில்லை. ராஜஸ்தானத்து ராவத்பாட்டாவின் முதல் உலை 2004-லேயே நின்றுவிட்டது. உலைக்கு ஆயுள் இத்தனை வருஷமென்று உண்டு. நிலமும் அதை அடுத்து வாழும் ஜனங்களும் அதற்குப் பிறகும் இருப்பார்கள். அந்நிலம் என்னவாக வேண்டுமென்று தீர்மானிக்கும் உரிமை யாருடையது?

இன்னும் காலமிருக்கிறதென்று அதிகாரிகள் சொல்லலாம். பணம் மட்டும் காத்திருக்கவில்லை. உலையைக் கலைக்கும் செலவுக்கென்று அணு மின்சாரத்தின் யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. கடற்கரை விவகாரம் நமக்கேன் என்று ஆனையூர்வாசிகள் நினைப்பதற்கில்லை. கூடங்குளத்து மின்சாரத்திற்கு நாமும் விலை கொடுக்கிறோம். ஆனால், 30 வருஷம் ஓடிய உலைகளுக்கும், நின்றுபோன உலைக்குங்கூடக் கலைப்புத் திட்டம் இல்லையென்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் அறிக்கை செய்தார். அப்போது அமலிலிருந்த 1962-ம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தில் கலைப்பு நிதிக்கு ஷரத்தே கிடையாது.

மண்ணை எவ்வளவு தூரம் சுத்தம் செய்வது என்பது, அதில் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பயிரிடுவதற்கு ஓர் அளவு, மரம் வளர்ப்பதற்கு வேறோர் அளவு. ஆகவே ஜனங்களைக் கடைசியில் கேட்பது கேட்பதாகாது. அமெரிக்காவில் ஓஹையோ ராஜ்யத்துப் பெர்னால்டில் யுரேனிய ஆலை 1989-ல் உற்பத்தியை நிறுத்தியது. 1993-ல் அவ்வூராரைக் கொண்டே ஒரு சபை அமைத்தார்கள். அசுத்தம் முழுவதையும் அப்புறப்படுத்த வேண்டுமென்பதே முதலில் பலருடைய விருப்பம். வரைபடத்தை விரித்து, கழிவுக்குப் பதில் சில்லுகளை வைத்து நகர்த்திப் பார்த்தபோது, இங்கே எடுப்பதை இன்னோர் ஊரார் தலையில் இறக்க வேண்டும் என்பது விளங்கிற்று. கொடியதை வெளியே அனுப்பி, கடுமை குறைந்ததைத் தம் மண்ணிலேயே அடைத்து வைக்க அவர்களே இசைந்தனர். அங்கே வீடும் விவசாயமும் கூடாதென்றும் கூறினர். 2006-ல் வேலை முடிந்தது. இன்று அங்கே புல்வெளியும் நீர்நிலைகளும் இருக்கின்றன. இதே முடிவை நிபுணர்கள் உத்தரவாக இட்டிருந்தால் ஊர் திரண்டு எதிர்த்திருக்கும்!

நம் கிராமத்தாருக்கு இவ்வளவு சாமர்த்தியம் ஏது என்போர் மேலூர்ப் பக்கம் பார்க்கட்டும். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024-ல் கிராம சபைகள் தீர்மானம் செய்தன. 2025 ஜனவரியில் இந்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தனர். அங்கே "வேண்டாம்" என்ற சொல்லே போதுமாயிருந்தது. உலை நின்ற நிலத்திலோ, எது வேண்டும் என்றும் ஜனங்கள் சொல்லியாக வேண்டும். அது இன்னும் கடினமான காரியம்; விவரம் தெரியாமல் செய்ய முடியாதது.

எனவே கல்பாக்கத்தைச் சூழ்ந்த சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் முதலிய ஊர்களின் கிராம சபைகளும் மீனவர் பஞ்சாயத்துக்களும் அடங்கிய நிரந்தர சபையொன்றைச் சட்டபூர்வமாக அமைக்க வேண்டும். கலைப்புத் திட்டத்தின் நகலையும் நிதிக் கணக்கையும் தமிழில் அச்சிட்டு அதன்முன் வைக்க வேண்டும். அதன் சம்மதமின்றி எத்திட்டமும் அங்கீகாரம் பெறலாகாது. கூடங்குளத்திலும் இடிந்தகரையிலும் உள்ளவர்களுக்கும் இவ்வுரிமையை இப்போதே எழுதிக் கொடுப்பது சர்க்காரின் பொறுப்பு.