ஐந்து எழுத்துக்கு இடம் இல்லையாம்!

விளையாட்டுக் கருவியைப் பற்றித் தமிழ் மன்ற ஏட்டில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்பார் சிலர் இருக்கக்கூடும். சங்கப் பாட்டு இருக்கிறது, சிலம்பு இருக்கிறது, குறள் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுப் பிள்ளைகள் குத்தி விளையாடும் பொத்தானைப் பற்றியா பேச்சு என்பர். ஆம், பொத்தானைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணியைப் பற்றிக் கவலைப்பட்டவர் வீணர் அல்லர். ஓலை கிழியுமே என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள்; படித்தவர் திண்டாடினார்கள். கருவி எழுத்தையே மாற்றிவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? இன்று தமிழ் எழுதப்படும் இடம் கட்டைவிரலின் நுனி. அந்த நுனி பழகும் இடம் விளையாட்டு.

கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கணிப்பொறிகள் இப்போது பல. 2010-இல் ஆர்வலர் கூட்டம் ஒன்று வெளியிட்ட பண்டோரா என்ற கருவியில் 43 விசைகள் இருந்தன; இரு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களால் தட்ட வேண்டும். அதன் வழியில் பைரா வந்தது. 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் வந்தது. அதில் எழுத்து விசைகளே இல்லை. திரையில் பலகை தோன்றும், இடத் தொடுபரப்பு இடப்பாதியையும் வலத் தொடுபரப்பு வலப்பாதியையும் ஆளும். அளவில் சிறிய இவை விளையாட்டுப் பெட்டிகள் மட்டுமல்ல. ஸ்டீம் டெக் லினக்ஸில் ஓடும் முழுக் கணிப்பொறி. கட்டுரை எழுதலாம், கடிதம் எழுதலாம், கடன் கேட்டும் எழுதலாம்!

இவற்றுக்கு விசை வகுப்போர் முன்னுள்ள கணக்கு எளியது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து; 26 விசை; மற்றவற்றை ஓரத்தில் தள்ளு. இடம் குறைவான கருவியில் எழுத்துக்கென்று கிடைப்பது அந்த 26 மட்டுமே. நம் கணக்கு என்ன? உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. 247 எழுத்தும் இந்த 31-இலிருந்து பிறப்பவை. 31-இலிருந்து 26 போனால் 5. அந்த ஐந்து எழுத்து எவை என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடிற்று. உலகத் தமிழர் பலர் சேர்ந்து பொது விசைப்பலகை ஒன்றைப் பேசி முடித்தனர்; அவ்வாண்டே தமிழக அரசும் ஏற்றது. தமிழ் 99 என்று அதற்குப் பெயர். உயிர் பெரும்பாலும் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு என்று பிரித்த ஏற்பாடு அது. மெல்வரிசையில் 12, நடுவரிசையில் 11, கீழ்வரிசையில் 8, கூட்டினால் சரியாக 31. பெரிய பலகையில் குறையே இல்லை. ஆனால் ஆங்கில எழுத்து விசைகளைத் தாண்டி, நிறுத்தற்குறிகள் இருக்கும் வலது ஓரத்தையும் அது பயன்படுத்திக்கொள்கிறது. அங்கே குடியிருப்பவை ச, ஞ, ந, ய, ழ. சிறு கருவியில் அந்த ஓரமே கிடையாது. ஓரம் போனால் இந்த ஐந்தும் போகும். 'தமிழ்' என்ற சொல்லின் ழகரமே விசையில்லாமல் தெருவில் நிற்கும்!

"இதற்கு ஏன் இத்தனை பாடு? ஆங்கில எழுத்தில் அடித்தால் எந்திரமே தமிழாக மாற்றித் தருகிறதே" என்பர் நண்பர். தருகிறது, மறுக்கவில்லை. பி, ஏ, எல், ஏ, எம் என்று அடித்துப் பாருங்கள். பலமா, பாலமா, பழமா? எந்திரம் ஊகிக்கும், நாம் பட்டியலில் தேடிப் பொறுக்குவோம். தாய்மொழியை எழுத மூன்றாம் ஆளிடம் அனுமதி கேட்பது போல இது இல்லையா? அவசரத்துக்கு உதவும் என்று ஏற்கலாம். அதுவே வழக்கமாகிவிட்டால், லகர ளகர ழகரம் விரலுக்குத் தெரியாத தலைமுறை ஒன்று வளரும்.

சித்தூர்க்காரனுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு; வெளியூர் நண்பர்கள் அறிய அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வட்டம் முன்பு கொச்சி நாட்டைச் சேர்ந்தது. 1956-இல் கேரளம் பிறந்தபின் பாலக்காட்டோடு இணைந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரம் நெடுகத் தமிழ்க் குடிகள். ஊருக்குள்ளே சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம். மலையாள எழுத்துக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் இது என்பது வழிவழிச் செய்தி. அதே ஊரில் 1947-இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு. இரண்டு எழுத்தும் எங்கள் கண்ணுக்குப் பழக்கம். இரண்டும் எங்கள் கைக்கும் பழக வேண்டும்.

கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் பிள்ளைகள் மலையாளம் அடிக்கப் பழகுவது இன்ஸ்கிரிப்ட் என்ற அமைப்பில். 1986-இல் இந்திய அரசின் மின்னணுத் துறை வகுத்தது அது. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரைபடம். மலையாளத் தகரம் எந்த விசையிலோ தமிழ்த் தகரமும் அதே விசையில். ஒன்று கற்றால் மற்றதும் வந்துவிடும். எல்லையோர மாணவனுக்கு இதைவிட வசதி உண்டா? உண்மையாகவே பெரிய வசதிதான். தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆயினும் கொஞ்சம் உள்ளே நுழைந்து பாருங்கள். தேவநாகரியை நடுவில் வைத்து வரைந்த படம் அது. நாகரியின் வர்க்க எழுத்துகளுக்கெல்லாம் விசை ஒதுக்கியிருக்கிறது. தமிழில் அந்த விசைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. நமக்குத் தினமும் வேண்டிய ன, ண, ற, ள, ழ ஐந்துமோ ஷிப்ட் விசையை அழுத்தினால்தான் வரும்! காலி வீடு பல இருக்க, வீட்டுக்காரன் திண்ணையில் படுப்பது போல. மலையாளத்துக்கும் இதே கதிதான். அவர்களுடைய ணகர றகர ளகர ழகரங்களும் ஷிப்டுக்கு அடியில்தான். ஆக இந்தக் குறை தமிழனுடையது மட்டும் அன்று, தெற்கத்திக் குறை.

எண்ணிக் காட்டுகிறேன். 'வாழைப்பழம்' என்று இன்ஸ்கிரிப்டில் எழுத 10 தட்டு, ழகரம் இரண்டுக்காக ஷிப்ட் 2, ஆக 12. தமிழ் 99-இல் 9. 'அம்மா' என்பதற்கு அங்கே 6, இங்கே 4. காரணம் என்ன? ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் மெய்க்குத் தானே புள்ளி விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம் என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. தமிழ்ச் சொல்லின் இயல்பை அறிந்தவர் வகுத்த விதி அது. பத்து விரலால் தட்டுபவனுக்கு மூன்று தட்டு பெரிதல்ல. இரண்டு கட்டைவிரலால் தட்டுபவனுக்கு, அதிலும் ஷிப்டை ஒரு விரல் பிடித்துக்கொண்டால் மீதம் ஒரே விரல் உள்ளவனுக்கு, அது பெரிது.

எனவே என் கட்சி தமிழ் 99-இன் கட்சி. ஸ்டீம் டெக் போலத் திரையில் வரையும் பலகையாயின் 31 எழுத்தையும் அப்படியே வரைந்துவிடலாம். இடக்கட்டைவிரல் உயிரையும் வலக்கட்டைவிரல் மெய்யையும் தேடும். இரண்டும் மாறிமாறி நடக்கும். கட்டைவிரலை எண்ணிச் செய்த ஏற்பாடு அல்ல அது. இருந்தும் கட்டைவிரலுக்கு அளந்து தைத்த சட்டை போல அமைந்துவிட்டது. கேள்வி எல்லாம் 26 விசைக் கருவிக்குத்தான்.

இங்கே நம் இலக்கணமே கைகொடுக்கிறது. குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோம், தேர்வுக்கு எழுதினோம், மறந்தோம். அதை விசைக்கு விதியாக்கினால் என்ன? அகரத்தை ஒருமுறை தட்டினால் அ; இருமுறை தட்டினால் ஆ. இ இரட்டித்தால் ஈ, உ இரட்டித்தால் ஊ, எ இரட்டித்தால் ஏ, ஒ இரட்டித்தால் ஓ. தமிழ்ச் சொல்லில் ஓர் உயிருக்குப் பக்கத்தில் அதே குறில் தனித்து நிற்பது அளபெடையில்தான். ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. அளபெடைக்கோ மாத்திரை மூன்று, தட்டும் மூன்று! இதைக் கண்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. மெய்யை இரட்டித்தால் புள்ளி, உயிரை இரட்டித்தால் நெடில். ஒரே விதி இரு பக்கமும் ஓடும்.

நெடில் ஐந்துக்கும் தனி விசை வேண்டாம் என்றால் மிச்சம் எத்தனை? குறில் 5, ஐ, ஔ, மெய் 18, ஆய்தம் 1. கூட்டிப் பாருங்கள்: 26! ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆய்தத்தின் விசையே மெய்க்குப் பின் புள்ளியாகவும் வேலை செய்வது தமிழ் 99-இல் முன்பே உள்ள வழக்கம். அதையும் தொட வேண்டியதில்லை. 'வாழைப்பழம்' ஒரு தட்டுக் கூடி 10 ஆகும். அப்போதும் 12-க்குக் கீழேதான். அந்த ஒன்றும் கூடாது என்பவருக்கு விளையாட்டுக் கருவியின் தோள் பொத்தான்கள் இருக்கின்றன. எழுதும் நேரத்தில் ஆள்காட்டி விரல்கள் அவற்றின்மேல் சும்மா கிடக்கின்றன. ஒரு தோளை அழுத்தினால் குறில் நெடிலாகட்டும், மறு தோளை அழுத்தினால் ஜ, ஷ, ஸ, ஹ வரட்டும்.

"ஏற்கெனவே தட்டச்சு முறை ஒன்று, பாமினி ஒன்று, அஞ்சல் ஒன்று, இன்ஸ்கிரிப்ட் ஒன்று, தமிழ் 99 ஒன்று, ஆறாவதாக இவன் ஒன்றா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்வது ஆறாவது பலகை அன்று; தமிழ் 99-ஐ மடித்துச் சட்டைப்பையில் வைப்பது. 21 எழுத்து அதனதன் இடத்திலேயே இருக்கும். கருவி சிறுத்தால் எழுத்தை மடித்துக் கொடுப்பது நமக்குப் புதிதும் அன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியில் 1886-இல் பிறந்த இரா. முத்தையா ஆங்கிலேயர் பொறியில் தமிழைப் புகுத்த முனைந்தபோது அவருக்கு முன்னும் இதே மலைதான் நின்றது. 247-க்கு விசை ஏது? அடித்தாலும் உருளை நகராத விசைகளை வைத்தார். புள்ளியும் விசிறியும் அவற்றில் விழ, எழுத்து அதன்மேல் வந்து அமர்ந்தது. அவர் தமிழைக் குறைக்கவில்லை. பொறியின் நடையைத்தான் மாற்றினார்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்டால் எங்கள் ஊரைக் காட்டுவேன். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. சிறுபான்மைப் பகுதியில் உள்ள அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழில் பெறலாம். சட்டம் வழி திறந்தது. அந்த வழியில் நடக்கக் கை வேண்டாமா? விண்ணப்பங்கள் கணிப்பொறிக்குப் போய்விட்ட நாளில், தமிழ் அடிக்கத் தெரியாத தமிழன் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுத்துவிட்டு வருகிறான். பிறகு, தமிழில் விண்ணப்பமே வருவதில்லை, தமிழ் தெரிந்த எழுத்தர் எதற்கு என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? பத்து வயதில் விளையாட்டுக் கருவியில் தோழனுக்குத் தமிழில் 'ஓடு, ஒளி, சுடு' என்று தட்டிப் பழகியவன் இருபது வயதில் தாசில்தாருக்கும் தமிழில் தட்டுவான்.

இனி அந்த ஐந்து எழுத்தை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. நெடில்கள் காலி செய்த இடங்கள் எல்லாம் இடப்பக்கம். ஆகவே மெய் ஐந்தும் உயிர் பக்கம் போகின்றன. இது குறைதான், மறைக்கவில்லை. வகரமும் ஙகரமும் தமிழ் 99-இல் முன்பே அப்பக்கம் இருப்பது ஒரு துணை. என் ஏற்பாடு இது: ஏகாரம் இருந்த இடத்தில் ய, ஊகாரத்தின் இடத்தில் ச, ஈகாரத்தின் இடத்தில் ந, மூலையில் ஆகாரம் இருந்த இடத்தில் எப்போதோ வரும் ஞ. ழகரம் கீழ்வரிசையில், ஔகாரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவே. மேலே இடப்பாதி ஞ, ந, ச, ஐ, ய என்று ஓடும்.

லினக்ஸில் விசைப்பலகை என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. தமிழ் 99-உம் இன்ஸ்கிரிப்டும் அதில் முன்பே இருக்கின்றன. கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர் உட்கார்ந்தால் அதிலிருந்து இதைச் செய்துவிடலாம். ழகரத்துக்கு இதைவிட நல்ல இடம் கண்டவர் மன்றத்துக்கு எழுதுங்கள், தமிழில் தட்டி.