சிவசைலத்துக்காரர் சொன்ன தேங்காயும் பழமும்

இயற்கை உணவு என்றால் இன்றைக்குப் பலருக்கு வரகு, மாப்பிள்ளைச் சம்பா, சத்துமாவுப் பாக்கெட் என்றுதான் ஞாபகம் வருகிறது. எங்கள் நெல்லைப் பக்கத்துப் பழைய ஆட்களைக் கேட்டால் வேறு பதில் வரும். இயற்கை உணவு என்றால் அடுப்பில் ஏறாத உணவு. அப்படிச் சொல்லிப் பழக்கியவர் சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமத்து இராமகிருஷ்ணன் ஐயா.

ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், கடனா நதி ஓரத்து ஊர் சிவசைலம். அந்த ஆற்றுத் தண்ணீர் கடைசியில் நம்ம தாமிரபரணிக்குத்தான் வந்து சேருகிறது. ஐயா சொன்னது சிக்கலான சங்கதி இல்லை. தேங்காயும் பழமும் பிரதானம், சமைக்காமல் தின்னுங்கள், நோய் வந்தால் முதலில் சாப்பாட்டை மாற்றுங்கள். அவ்வளவுதான். விலை உயர்ந்த பொடி கிடையாது, டப்பா கிடையாது. எங்கள் பள்ளத்தாக்கில் வாய்க்கால் கரையிலும் வயலிலும் விளைகிற இரண்டு பொருளை வைத்தே ஒரு உணவு முறையைச் சொன்ன மனுஷர்.

எல்லா நோயும் இதிலேயே தீரும் என்று சிலர் பேசுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்சுலின் போடுகிறவர் அதை நிறுத்திவிட்டு வாழைப்பழத்தில் இறங்கினால் ஆபத்து. சிறுநீரகம் கெட்டவருக்குப் பழத்திலும் இளநீரிலும் உள்ள பொட்டாசியமே எமன். காந்தியே 1929ல் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, உடம்பு தளர்ந்து, விட்டுவிட்டார். அதை மறைக்காமல் எழுதவும் செய்தார். ஆக, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டிய காரியம் இது.

ஆனால் நமக்கு, அதாவது விளைவிக்கிற நமக்கு, ஐயா வைத்துவிட்டுப் போன கேள்வி வேறு. பச்சையாகத் தின்னச் சொன்ன தேங்காயும் வாழையும் இன்றைக்கு எப்படி விளைகின்றன?

தென்னையில் சிவப்புக் கூன்வண்டு, ஈரியோபைட் சிலந்தி என்றால் உடனே வேரில் மருந்து கட்டுகிறார்கள். இளம் வேரைச் சாய்வாக வெட்டி, 10 மில்லி மோனோகுரோட்டோபாஸ், 10 மில்லி தண்ணீர், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டுவது வழக்கமாக இருந்தது; மரம் உறிஞ்சிக்கொள்ளும். கட்டிய பிறகு 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பது பரிந்துரையிலேயே இருந்தது. தேங்காய் விலை ஏறியிருக்கும்போது அந்த 45 நாளை யார் எண்ணினார்கள்? வாழையில் தண்டுக்கே ஊசி. "தோலை உரிச்சுத்தானே திங்கோம்" என்பார்கள். ஊடுருவிப் பாயும் மருந்து மரத்தின் சாறோடு போகிறது, அதற்குத் தோல் என்ன, சிரட்டை என்ன? இதே மோனோகுரோட்டோபாஸ் கலந்த சத்துணவைத் தின்றுதான் 2013 ஜூலையில் பீகாரில் 23 பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகு தார் மண்டிக்குப் போனால் கார்பைடு கல். சட்டப்படி தடை, ஆனாலும் ஒழிந்தபாடில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. வேப்பம் புண்ணாக்கு, கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி, வாழைத் தோட்டத்தில் தண்டை நறுக்கிப் போட்டு வண்டைப் பிடிப்பது, பழுக்க வைக்க மூட்டம். இந்த இதழ் படிக்கிறவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் விற்பனையில் இருக்கிறது. வங்கியில் வேலை பார்த்த ஆள் என்பதால் எனக்குக் கணக்கு முதலில் கண்ணில் படும். மருந்தில்லாமல் வளர்த்த என் ஏத்தன் தாரும் பக்கத்து வயல் தாரும் மண்டியில் ஒரே ஏலம், ஒரே விலை. சரி, நம்ம இயற்கைச் சந்தையில் விற்கலாம் என்று போனால் அங்கே தினைலட்டு இருக்கிறது, முருங்கைப்பொடி இருக்கிறது, சோப்பு இருக்கிறது. சும்மா நாலு சீப்பு கதலி, பத்துத் தேங்காய் வைக்க இடமில்லை. மதிப்புக்கூட்டு என்கிறோம். கூட்டிய மதிப்பு பாதி பாக்கெட்டுக்கும் லேபிளுக்கும் போகிறது, வாங்குகிறவரும் வசதியுள்ளவர் மட்டும்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் நடக்கும் நம் சந்தைகளில் தேங்காய்க்கும் பழத்துக்கும் என்று ஒரு மேசை போடுங்கள். யார் தோட்டம், என்றைக்கு வெட்டினது, எப்படிப் பழுக்க வைத்தது என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள். விலை மண்டியைவிட இரண்டு ரூபாய் கூட இருந்தால் போதும். பாளையங்கோட்டைச் சந்தையில் மேசை போட்டால் முதல் வாரத்துக்கு என் தோட்டத்துக் கதலி வரும்; அட்டையை நானே எழுதிக் கொண்டு வருகிறேன்.