எஞ்சினுக்குப் போட்ட பூட்டு

எளாவூர் சோதனைச்சாவடியைக் கடந்து ஆந்திரத்தை நோக்கி விரையும் சரக்கு லாரிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றுக்கு நடுவே, கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குப் பொருள் ஏற்றி இறக்கும் சிறு வண்டிகளும் ஓடுகின்றன. பெரிய லாரிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிறுவனம் இருக்கும். சிறு வண்டிக்குப் பின்னால் ஒரு குடும்பம்தான் இருக்கும். வண்டி நின்றால் அந்த வீட்டின் வருவாயும் நின்றுவிடும்.

அப்படி ஒற்றை வண்டியை நம்பி வாழும் சகோதரர் ஒருவர், ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நம்மிடம் மனம் வருந்திப் பேசினார். அவருடைய வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இழுவை குறைந்தது. பல ஆண்டுகளாகப் பழுது பார்த்துவரும் சாலையோர மெக்கானிக் கைவிரித்துவிட்டார். சர்வீஸ் நிலையத்தில் வண்டி மூன்று நாள் நின்றது. அம்மாத வருவாயில் பாதி பில்லுக்கே போயிற்று. என்ன பழுது என்று கேட்டதற்கு, "சென்சார், ஃபில்டர்" என்ற இரண்டு சொற்களே பதிலாகக் கிடைத்தன. "பணம் போனதுகூடப் பரவாயில்லை பாய், எதற்குக் கொடுத்தேன் என்றே தெரியவில்லை" என்றார்.

முன்பு சர்வீஸ் என்றால் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றி, டேப்பட்டைச் சரிசெய்வதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஸ்பேனரும் கேட்டறியும் காதும் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் இருக்கலாமெனும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் புகையின் கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் பல வண்டிகளில் யூரியாக் கரைசல், இவற்றைக் கண்காணிக்கச் சென்சார்கள் எனப் பலவும் சேர்ந்தன. இதை நாம் குறை கூறவில்லை. தொழிற்பேட்டையின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகளே.

ஆனால் அந்த ஃபில்டரின் இயல்பை வண்டி வாங்குகிறவருக்கு யாரும் விளக்குவதில்லை. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே எரித்துக்கொள்ளும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஆலை வாயிலுக்கும் கிடங்குக்கும் இடையே நான்கைந்து கிலோமீட்டர் ஓடி, எஞ்சினை அணைக்காமல் வரிசையில் காத்துக் கிடக்கும் வண்டிக்கு அந்த வெப்பம் எளிதில் கிடைப்பதில்லை. கரி அடைக்கிறது, விளக்கு எரிகிறது. அதைக் கவனியாது விட்டால், ஸ்கேனரைப் பொருத்தியே சுத்திகரிப்பைத் தொடங்க இயலும். குறித்த தரத்தில் அல்லாத மலிவு ஆயில் ஊற்றினாலோ, எரியாத சாம்பல் அதே ஃபில்டரில் தங்கிவிடும். ஆயிலில் மிச்சப்படுத்திய நூறு ரூபாய், பிறகு ஆயிரங்களாகத் திரும்பி வரும்.

இங்கேதான் பூட்டு விழுகிறது. மெக்கானிக்கிடம் திறமை இல்லாமலில்லை. ஸ்கேனர், மென்பொருள், அசல் உதிரிப்பாகம் ஆகியவை அவர் கைக்கு எட்டுவதில்லை. இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும், வெளியே பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ரத்து செய்யும் பொதுநிபந்தனை கூடாது என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடங்கும். எனினும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே இதற்கெனச் சட்டம் கண்டதைப் போல, நம்மிடம் தனிச்சட்டம் இன்னும் இல்லை. அது வர வேண்டும் என்பதே நம் கருத்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அங்கே அறிவுறுத்தப்பட்டது. விளக்கம் இல்லாத பில்லும் மேலே காய்ந்த குவியல்தான். அதே அளவுகோல் நம் பக்கத்துக்கும் பொருந்தும். செலவுக்கு அஞ்சி ஃபில்டரைக் குடைந்து எடுத்துவிட்டு, சென்சாரை ஏமாற்றித் தரும் வேலையும் நடக்கிறது. அது அண்டை வீட்டாரின் மூச்சில் நஞ்சைக் கலப்பதாகும். அப்படி ஈட்டும் லாபத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே, வண்டியை விடுமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேட்போம். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்போம். கையேட்டில் குறித்த தரத்தில் மட்டுமே ஆயில் ஊற்றுவோம். வாரத்தில் ஓரிரு முறை வண்டியை நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுவோம். அநீதி நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவோம். இவற்றோடு, நம் ஜமாஅத்துகள் ஒன்றையும் சிந்திக்கலாம். தையல் இயந்திரம் வாங்கித் தரும் நாம், ஊரின் நான்கு மெக்கானிக்குகள் பொதுவில் பயன்படுத்த ஒரு நல்ல ஸ்கேனரையும், அதைக் கையாளும் பயிற்சியையும் ஏன் வழங்கக் கூடாது? சாலையோரத்தில் ஒரு பட்டறை பிழைத்தால், ஒற்றை வண்டியை நம்பிய பல வீடுகளும் பிழைக்கும், இன்ஷா அல்லாஹ்.