உட்காருவதும் உரிமைதான்!

ஜவுளிக் கடையில் சேலை எடுக்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு. சேலையை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பல கடைகளில் நாற்காலி இல்லை. காலையில் கடை திறந்தது முதல் இரவு சாத்தும் வரை அவள் நிற்க வேண்டும். வாடிக்கைக்காரர் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தாலும் அதட்டல் வரும்.

இது நியாயமா? இல்லை. சட்டப்படி சரியா? அதுவும் இல்லை.

நாள் முழுவதும் நின்றால் கால் வீங்கும். இடுப்பு வலிக்கும். காலில் நரம்பு சுருட்டிக் கொள்ளும். குடும்பத்துக்காகச் சம்பாதிக்கப் போன பெண், சம்பளத்தில் ஒரு பங்கை வைத்தியரிடம் கொடுக்க வேண்டி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 1947-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை போட வேண்டும் என்று அதில் எழுதப்படவில்லை. ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்த வசதியை 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் கொடுத்தது. கடைக்காரப் பெண்கள் காத்திருந்தார்கள்.

கேரளத்தில் கோழிக்கோடு கடைகளில் வேலை பார்த்த பெண்கள் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் திருத்த மசோதா கொண்டு வந்தார். அது சட்டம் ஆயிற்று.

ஆண், பெண் எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இதுதான் அந்தச் சட்டம்.

வியாபாரம் கெடுமா?

"உட்கார விட்டால் சோம்பல் வந்துவிடும்" என்று சில முதலாளிகள் சொல்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். அதனால் கணக்குத் தவறுகிறதா? இங்கிலாந்தில் மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கை போட வேண்டும் என்று 1899-லேயே சட்டம் வந்தது. அதனால் அங்கே கடைகள் மூடிப் போகவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

மகளையோ மகனையோ கடை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி விடக் கூடாது. வேலை எத்தனை மணி நேரம்? வார விடுமுறை எந்த நாள்? உட்கார இடம் உண்டா? இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே சட்டம் வகுத்த வேலை நேரம். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். உரிமை மறுக்கப்பட்டால், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

"கேட்டால் நாளை முதல் வராதே என்பார்களே!" என்ற பயம் உண்டு. அது வீண் பயம் அல்ல. ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். இதுவும் 1947 சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவராகக் கேட்பதைவிட, கடையில் உள்ளவர்கள் சேர்ந்து கேட்பது நல்லது.

வாடிக்கைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. முதலாளி யார் சொல்லைக் கேட்காவிட்டாலும், பணம் கொடுப்பவர் சொல்லைக் கேட்பார். "இந்தப் பெண்ணுக்கு ஏன் நாற்காலி இல்லை?" என்று கடைக்கு வரும் தாய்மார்கள் கேட்கட்டும். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் நாற்காலி வந்துவிடும்!