எலி பிடிக்கும் இருளர் தொழிலாளர்களுக்கு நாள் கூலி கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர்
பார்வை: இதே பொருளில் சங்கம் முன்னர் அளித்த மனுக்கள்

நெல் வயலின் வரப்பைக் குடையும் எலிகளை வளையிலேயே பிடிப்பது வட தமிழக இருளர்களின் மரபுத் தொழில். அத்தொழிலாளர் சார்பில் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

1. எலிக் கணக்கை நீக்கி நாள் கூலி வழங்குதல்

முந்தைய மனுக்கள் அனைத்திலும் முதலிடம் பெற்றது இக்கோரிக்கையே. மனு பெறப்பட்டது என்பதற்கு மேல் பதில் வராததால், அவற்றில் கூறியவை மீண்டும் தரப்படுகின்றன.

இப்போது பிடித்த எலிகளையோ வால்களையோ எண்ணியே பணம் தரப்படுகிறது. வேலையோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. மாலையில் வளை வாய்களை மண்ணால் அடைக்க வேண்டும். காலையில் திறந்து கிடப்பவையே எலி குடியிருக்கும் வளைகள். பிற வாய்களை மூடிவிட்டு, அடியில் துளையிட்ட பானையில் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானை வாயை வளையோடு பொருத்தி, துளை வழியே வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்த வேண்டும். ஊதுபவரின் கண்ணிலும் நெஞ்சிலும் அப்புகை ஏறுகிறது. பின்னர் கடப்பாரையால் தோண்டிக் கையால் பிடிக்க வேண்டும். எலி வளையில் நல்ல பாம்பு கிடப்பதும் உண்டு. இத்தனைக்குப் பின்னும் எலி தப்பிவிட்டால் கூலி இல்லை.

இந்த எண்ணிக்கைக் கூலி முறை உழவருக்கும் கேடு. பயிர் தூர் கட்டும் பருவத்தில் எலிகள் குறைவு. அப்போதே பிடித்தால்தான் கதிர் வரும் காலத்தில் அவை ஈன்று பெருகுவது தடைபடும். ஆனால் அப்போது வால்கள் குறைவு, கூலியும் குறைவு. விளைச்சலைக் காத்த வேலைக்குச் சொற்பமும், சேதம் முற்றியபின் செய்த வேலைக்கு மிகுதியும் கிடைக்கின்றன.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்ட அட்டவணை, பண்ணையில் வேளாண் பணிக்குத் துணையாக நடக்கும் வேலையையும் விவசாய வேலையாகவே கொண்டது. வயலில் எலி பிடிப்பது அத்தகையதே. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, எண்ணிக்கைப்படி செய்யும் வேலைக்குத் தனி வீதம் இல்லாமல் நேரக் கூலி மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி தொடர்கிறது. ஆகவே புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. எலி பிடிக்க ஆளமர்த்தும் அரசுத் துறைகளும் ஊராட்சிகளும் நில உடைமையாளர்களும் விவசாயத் தொழிலாளருக்குரிய நாள் கூலியை, பிடித்த எண்ணிக்கை எதுவாயினும், வழங்க வேண்டும் என ஆணையிட்டாலே போதும்.

2. வயலில் துத்தநாகப் பாஸ்பைடு போன்ற நஞ்சு வைக்குமுன் அறிவிப்பு தருதல். பிடித்த எலியை உண்ணும் குடும்பங்கள் இருப்பதால் இது உயிர்ப் பிரச்சினை.

3. வாயால் ஊதுவதற்கு மாற்றாக, கையால் சுழற்றும் புகைக் கருவியும் கையுறையும் வழங்குதல்.

4. வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி மருந்து இருப்பு வைத்தல்.

5. 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் போல, எலி பிடிப்போருக்கும் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்து தருதல்.

6. நிலுவையிலுள்ள சாதிச் சான்றிதழ்களைத் தாமதமின்றி வழங்குதல்.

முதற்கோரிக்கை மீதான முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும்.

செயலாளர்