பனி இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கு?

பனி பெய்யாத சிங்கப்பூரில் எஞ்சின் பிளாக் வெடிக்காது, குழாய்த் தண்ணீரே போதும் என்கிறார்கள். நீர் உறைந்து விரிந்து இரும்பைப் பிளப்பது ஒரு வழிதான் ஐயா! தேக்காவில் காய்கறி இறக்கிவிட்டுச் சிராங்கூன் சாலை நெரிசலில் ஊரும் டீசல் பிக்கப்பைப் பாருங்கள். தண்ணீர் வற்றுகிறது, பிளாக் தகிக்கிறது. டிரைவர் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறார். விரிசல் விழுவது அப்போதுதான். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரி செல்சியஸ். உள்ளே துருவும் ஏறாது. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்கக் கட்டும் பணத்தில் கூலண்ட் செலவு தூசு. தண்ணீர் ஒழுகினால் ஓட்டையடைக்கும் பவுடரா? ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். ‘பிளாக் போச்சு’ என்று ஒதுக்கிய பல வண்டிகளில் போயிருப்பது வெறும் ஹெட் கேஸ்கட்.